தட்சிண கங்கை கோதாவரி

பூசை தொடங்குமுன் குருக்கள் கும்பத்து நீரின்மேற் கையை வைத்து, ஏழு நதிகளின் பெயரைச் சொல்லி, அவை அந்நீரிலே வந்து எழுந்தருள வேண்டுமென்று வேண்டுவார். கங்கை, யமுனை என்று தொடங்கிக் காவிரியில் முடியும் அந்த வரிசையிலே மூன்றாவதாக வருவது கோதாவரி. ஆறு என்று சொல்லத்தக்க பேராறு ஒன்றும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, கிணற்று நீரைக் குடத்தில் முகந்து வைத்துக்கொண்டு, கண்ணாற் கண்டிராத ஒரு நதியைத் தலைமுறை தலைமுறையாக நாம் அழைத்து வருகிறோம். அந்த நதி எங்கே பிறக்கிறது, எவ்வழியே செல்கிறது, யார் யாருக்குச் சோறிடுகிறது என்பதை நம் மாணவர்களுட் பலர் அறியார். பூமிசாத்திரப் பாடத்தில் ஒரு வரியாகப் படித்திருப்பர். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பர்.

கம்பராமாயணம் கற்றவர்களுக்குக் கோதாவரி வேறொரு வகையிலும் பழக்கமானது. ஆரணிய காண்டத்திலே இராமனும் இலக்குவனும் சீதையுடன் அவ்வாற்றங்கரையை அடையும்போது, கம்பர் அதனைப் பெரும்புலவர் பாட்டுக்கு ஒப்பிட்டு ஒரு செய்யுள் செய்திருக்கிறார். அச்செய்யுளிலுள்ள அடைமொழி ஒவ்வொன்றும் ஆற்றுக்கும் பொருந்தும், பாட்டுக்கும் பொருந்தும். வகுப்பிலே சிலேடைக்கு உதாரணம் காட்ட வேண்டிய போதெல்லாம் தமிழாசிரியர்கள் எடுத்தாளும் செய்யுள் அது. காவிரி நாட்டுப் புலவர் தம் காவியத்தின் மிக நுட்பமான உவமைகளுள் ஒன்றைக் கோதாவரிக்கு அளித்தார் என்பது நமக்குப் பெருமையே.

தீபகற்ப இந்தியாவின் நதிகளுள் மிக நீண்டது கோதாவரி. அதன் நீளம் 1,465 கிலோமீற்றர்; பழைய கணக்கிலே 910 மைல். நம்முடைய மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பருமை ஒருவாறு விளங்கும். ஆனால் ஆற்றின் பெருமையை நீளத்தால் மட்டும் அளப்பது சரியன்று. அதற்கு நீர் தரும் நிலப்பரப்பு 3,12,812 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவு முழுவதும் 65,610 சதுர கிலோமீற்றரே. நம் நாட்டைப் போல் ஏறத்தாழ நாலே முக்கால் மடங்கான நிலத்திற் பெய்யும் மழை ஒரே வாய்க்கு வந்து சேர்கிறது. அந்நிலத்திற் பாதியளவு மகாராட்டிரத்தைச் சேர்ந்தது. எஞ்சியது தெலுங்கானா, ஆந்திரம், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், ஒடிசா, கர்நாடகம் ஆகியவற்றில் உள்ளது. கழிமுகத்திலே புதுச்சேரிக்குக்கூட ஒரு சிறு துண்டு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பிறந்த இடம்

மேற்குத் தொடர்ச்சி மலையிலே, நாசிக் நகருக்கு மேற்கே, பிரமகிரி என்றொரு குன்று இருக்கிறது. அதன் அடிவாரத்தில் உள்ளது பன்னிரு சோதிலிங்கத் தலங்களுள் ஒன்றாகிய திரியம்பகேசுவரம். கௌதம முனிவர் அங்கே தவம் செய்து வந்த காலத்தில், பசு ஒன்று இறக்கக் காரணமானார் என்ற பழி அவர்மேல் வந்ததாம். அப்பழி நீங்கச் சிவபெருமானை வேண்டினார். பெருமான் தம் சடையிலிருந்த கங்கையை அங்கே இறக்கிவிட்டார். ஆதலால் இந்த ஆற்றுக்குக் கௌதமி என்றும் தட்சிண கங்கை என்றும் பெயர்கள் வழங்குகின்றன.

பிரமகிரியிலிருந்து அரபிக் கடல் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் தொலைவிலேயே இருக்கிறது. அவ்வளவு அண்மையிற் பிறந்தும் அக்கடலை நாடாமல், முதுகு காட்டித் திரும்பி, நாடு முழுவதையும் குறுக்கே கடந்து வங்கக் கடலை அடைகிறது கோதாவரி. இதற்குக் காரணம் தக்கணப் பீடபூமியின் சாய்வு. மேற்கு விளிம்பு உயர்ந்தும் கிழக்கு தாழ்ந்தும் இருப்பதாலே கிருட்டிணையும் காவிரியும்கூட இவ்வாறே ஓடுகின்றன. மேற்குக் கரையோரத்திலே கொட்டித் தீர்க்கும் பருவமழை, மலையைத் தாண்டியதும் வற்றிப் போகிறது. பிறந்த மலையின் மறுபக்கத்தில் வெள்ளம். தான் ஓடும் பக்கத்தில் வறட்சி. கோதாவரியின் முதல் ஐந்நூறு கிலோமீற்றர் வாழ்வு இந்த முரண்பாட்டிலே கழிகிறது.

நாசிக் நகரில் ஆறு சிறியது. ஆற்றங்கரையில் உள்ள பஞ்சவடியே இராமன் பர்ணசாலை அமைத்துத் தங்கிய இடம் என்பர். வியாழன் சிங்க ராசியில் நிற்கும் காலத்தில், பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை இங்கும் திரியம்பகத்திலும் கும்பமேளா கூடுகிறது. கடந்தது 2015 ஆம் ஆண்டிலே நடந்தது. அதற்கு மறு ஆண்டுக் கோடையில், அடியார்கள் நீராடும் இராம குண்டம் வறண்டு தரை தெரிந்தது. பவுசர் வண்டிகளிலே தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. கும்பத்து நீருக்குள் நாம் அழைக்கும் நதி, தன் கரையிலேயே பவுசரில் வந்தது.

பஞ்சவடியில் காலாராம் கோயில் என்றொரு கருங்கற் கோயில் உண்டு. 1930 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் தலைமையிலே, தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் அக்கோயிலுக்குள் சென்று வழிபட உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் தொடங்கினர். ஆண்டுகள் சென்றும் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. மாவிட்டபுரத்தில் 1968 ஆம் ஆண்டு நடந்தவற்றை நினைவில் உடைய நம்மவர் இதனை வேற்று நாட்டுக் கதையாகப் படித்தல் இயலாது. எல்லாருடைய பாவத்தையும் கழுவும் நதி என்று சொல்லிக்கொண்டு அதன் கரையிலே சிலரை மட்டும் வாயிலில் நிறுத்தியது எந்தச் சாத்திரத்துக்கு ஒத்தது என்று நான் அறியேன்.

இதே நாசிக் மாவட்டத்தோடு நம் அடுக்களைக்கும் ஓர் உறவு உண்டு. நாம் பம்பாய் வெங்காயம் என்று வாங்குவதிற் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே வருகிறது. இந்திய வெங்காயத்தின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்றான லாசல்காவ் நாசிக் மாவட்டத்திலேதான் உள்ளது. 2023 ஆம் ஆண்டு டிசெம்பரில் இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விலை எப்படி ஏறியது என்பதை இல்லத்தரசிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

பைத்தானும் அதன் நாணயங்களும்

நாசிக்குக்குக் கீழே கரும்பு நாடு. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு வழிகாட்டியாக விளங்கிய பிரவரா ஆலை, கோதாவரியின் உபநதியான பிரவரையின் பெயரைத் தாங்கியது. 1950 ஆம் ஆண்டளவில் அது கரும்பு ஆட்டத் தொடங்கியது. உழவர்கள் தாமே உரிமையாளரான இந்த முயற்சி பாராட்டத்தக்கதே. ஆயினும் கரும்பு தாகம் மிகுந்த பயிர். மேலே உள்ளவர்கள் கரும்புக்குப் பாய்ச்சினால் கீழே மராத்வாடாவில் உள்ளவர்களுக்குக் குடிக்கவும் போதாது. வறட்சி ஆண்டுகளில் மேலணைகளிலிருந்து கீழணைக்கு எவ்வளவு நீர் விடுவது என்ற வழக்கு நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. இரு வேறு மாநிலங்களுக்கிடையில் நடந்த சண்டையன்று இது. ஒரே மாநிலத்துக்குள், ஒரே மொழி பேசும் மக்களுக்கிடையே நடந்தது.

அந்தக் கீழணையே சாயக்வாடி. 1965 ஆம் ஆண்டு லால் பகதூர் சாத்திரி அடிக்கல் நாட்ட, 1976 ஆம் ஆண்டு இந்திரா காந்தி திறந்து வைத்தார். மண்ணாலான இவ்வணை ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் நீளமுடையது. அணையின் நிழலில் இருக்கிறது பைத்தான் என்னும் சிற்றூர். பைத்தானிச் சேலை என்றாற் பெண்மணிகளுக்குத் தெரியும். சரித்திர மாணவர்களுக்குப் பிரதிட்டானம் என்றால் தெரியும். சாதவாகன மன்னர்கள் அங்கிருந்தே ஆண்டனர். செங்கடல் வழியே வந்த கிரேக்க வணிகர்களின் பழைய கைந்நூலிலும் அவ்வூர்ப் பெயர் காணப்படுகிறது.

சாதவாகனர் வெளியிட்ட வெள்ளி நாணயங்களைப் பற்றி ஒரு சொல். ஒரு பக்கத்தில் அரசன் முகமும் பிராகிருத மொழியில் அவன் பெயரும் உள்ளன. மறுபக்கத்தில் அதே செய்தி ஒரு திராவிட மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. அது தமிழே என்று ஐராவதம் மகாதேவன் முதலிய அறிஞர் கருதினர். வேறு கருத்துடையோரும் உளர். எவ்வாறாயினும், கோதாவரிக் கரையிலிருந்து ஆண்ட ஓர் அரச மரபு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரண்டு மொழிகளில் நாணயம் அடித்தது என்பது உறுதி.

பாளி நூல் கற்போருக்கும் இந்த நதி புதியதன்று. கோதாவரிக் கரையில் வாழ்ந்த பாவரி என்னும் அந்தணர் தம் மாணாக்கர் பதினாறு பேரைப் புத்தரிடம் வினாக்களுடன் அனுப்பிய வரலாறு சுத்த நிபாதத்தில் வருகிறது. பிற்காலத்திலே பைத்தானில் வாழ்ந்த ஏகநாதர் 1599 ஆம் ஆண்டு மறைந்தார். காசியிலிருந்து இராமேச்சரத்துக்கு அபிடேகம் செய்யச் சுமந்து சென்ற கங்கை நீரை, வழியிலே தாகத்தால் துடித்த கழுதைக்கு ஊட்டினார் என்று அவரைப் பற்றிச் சொல்வர்.

பைத்தானைத் தாண்டினால், 1708 ஆம் ஆண்டு குரு கோவிந்த சிங் மறைந்த நாந்தேடு வருகிறது. சீக்கியருக்கு அது பெருந்தலம். அப்பால் தெலுங்கானாவிற் புகுந்ததும் பாசர் என்னுமிடத்தில் கலைமகள் கோயில். நாம் விசயதசமியன்று ஏடு தொடக்குவது போல, அங்கே குழந்தைகளைக் கொண்டுவந்து எழுத்தறிவிக்கின்றனர்.

நீர் வருவது எங்கிருந்து?

நதிக்கு மூலம் திரியம்பகம் என்று சாத்திரம் சொல்கிறது. நீருக்கு மூலம் எது என்று பொறியியலாளரைக் கேட்டால் வேறு விடை சொல்வார். கோதாவரியின் நெடும்பயணத்தில் முதற்பாதி முடியும்வரை அது ஏழை நதி. மஞ்சீரா போன்ற உபநதிகளும் மழை குறைந்த நிலத்தினவே. காளேசுவரம் என்னும் தலத்தில் இடப்பக்கமாக வந்து கலக்கும் பிராணகிதையே அதனைச் செல்வமுள்ளதாக்குகிறது. வார்தா, பெயின்கங்கை, வெயின்கங்கை ஆகியவை சேர்ந்தது பிராணகிதை. மொத்த வடிநிலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இதனுடையது. பின்னர் பஸ்தார்க் காடுகளின் மழையைச் சுமந்துகொண்டு இந்திராவதி வருகிறது. வரும் வழியில் சித்திரகூடம் என்னுமிடத்தில் குதிரைலாட வடிவில் விழும் அதன் அருவி, மழைக்காலத்தில் செம்மண் நிறத்தோடு இரைந்து பாயும். அதற்குக் கீழே ஒடிசா மலைகளிலிருந்து சபரி.

இம்மூன்றும் பாய்ந்து வரும் நிலம் கோண்டர், கோயர் முதலிய மலைவாழ் மக்களின் நாடு. நிலக்கரியும் காடும் நிறைந்தது. சிங்கரேணிச் சுரங்கங்கள் கோதாவரிப் பள்ளத்தாக்கிலேதான் உள்ளன. கோதாவரிக்கு உணவளிக்கும் மக்கள் வேறு, அதனால் உணவு பெறும் மக்கள் வேறு. இந்த உண்மை மனத்தில் இருந்தாலன்றி அந்நதியைப் பற்றி இன்று நடக்கும் வாதங்கள் விளங்கா.

மாநிலங்கள் நீரைப் பங்கிட்டுக்கொள்ள 1969 ஆம் ஆண்டு நீதிபதி பச்சாவத் தலைமையில் ஒரு நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது. 1980 ஆம் ஆண்டு தீர்ப்புரைத்தது. காவிரித் தகராறு போல இது தெருவுக்கு வராமைக்கு முதற்காரணம், பங்கிட நீர் தாராளமாக இருந்தமை. தெலுங்கானா தனி மாநிலமானபின், ஆற்றுநீரை மேட்டுநிலத்துக்கு இறைத்து ஏற்றும் காளேசுவரத் திட்டத்தை 2019 ஆம் ஆண்டு சூன் மாதம் தொடங்கி வைத்தது. மாபெரும் பம்பிகள், சுரங்க வழிகள், பெரும் பொருட்செலவு. 2023 ஆம் ஆண்டு ஒக்டோபரில் மேடிகட்டா அணையின் தூண்கள் மணலில் இறங்கின. மணலில் அடித்தளம் இடுவது எவ்வளவு கடினமான வித்தை என்பதை இவ்வாறு உலகம் மீண்டும் கண்டது. அந்த வித்தையை நன்கு அறிந்திருந்த ஒருவரைப் பற்றிச் சற்றுப் பின்னர் எழுதுகிறேன்.

பத்திராசலமும் பாபிகொண்டலுவும்

இசையறிந்த குடும்பங்களுக்குப் பத்திராசலம் என்றவுடன் இராமதாசர் நினைவு வரும். பதினேழாம் நூற்றாண்டிலே கோல்கொண்டா அரசிற் பணியாற்றிய கோபண்ணா என்பவர், அரசிறைப் பணத்தை எடுத்து ஆற்றங்கரைக் குன்றின்மேல் இராமனுக்குக் கோயில் எழுப்பினார். அதற்காகத் தானிஷா என்னும் அபுல் ஹசன் குதுப்ஷா அவரைச் சிறையிலிட்டார். சிறையிலிருந்து அவர் பாடிய தெலுங்குக் கீர்த்தனங்களை நம் கச்சேரி மேடைகளில் இன்றும் கேட்கிறோம். இராம லட்சுமணர் இரவில் வந்து பணத்தைத் திருப்பிக் கொடுத்தனர் என்பது மரபு. இராமநவமித் திருக்கலியாணத்துக்கு அரசாங்கம் முத்தும் பட்டும் அனுப்பும் வழக்கம் அந்தக் குதுப்ஷா மன்னர் தொடங்கியது என்பர். சிறையிலிட்டவரே சீர்வரிசை அனுப்பியவரும் ஆனார்.

பத்திராசலத்தில் ஆற்றின் உயரத்தை அடிக்கணக்கில் அறிவிப்பார்கள். 1986 ஆம் ஆண்டு ஆகத்து மாத வெள்ளத்தில் அது 75 அடிக்கு மேல் ஏறியது. 2022 ஆம் ஆண்டு சூலையில் 71 அடியைத் தாண்டியது. அங்கே ஆறு அகலமாகக் கிடப்பது. ஆனால் சற்றுக் கீழே பாபிகொண்டலு என்னும் மலைகளுக்கிடையிலே நெருங்கி ஒடுங்கிப் போக வேண்டியிருக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையை ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் அந்த இடுக்கின் அழகைக் காணப் படகுகளிற் செல்வோர் பலர்.

அந்த இடுக்கு முடியும் இடத்திலே கட்டப்படுவது போலவரம் அணை. சென்னை மாகாணப் பொறியியலாளர்கள் 1941 ஆம் ஆண்டளவிலேயே இதற்குத் திட்டம் வகுத்து இராமபத சாகரம் என்று பெயரிட்டனர். 2014 ஆம் ஆண்டு இந்திய அரசு இதனைத் தேசியத் திட்டமாக ஏற்றது. 2021 ஆம் ஆண்டு ஆற்றின் போக்கைத் திருப்பிப் புதிய மதகுகள் வழியே விட்டனர். அணையின் நீர் பரவும் நிலத்தில் உள்ள ஊர்கள் பல. வேறிடம் பெயர வேண்டிய குடும்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது அரசாங்கக் கணக்கு. அவர்களுட் பெருந்தொகையினர் கோயரும் கொண்டாரெட்டிகளும் ஆவர். கீழே பத்து லட்சம் ஏக்கர் நெல் விளைவதற்காக மேலே காட்டில் வாழ்பவன் தன் மகுவா மரத்தையும் முன்னோர் கல்லையும் விட்டுப் போக வேண்டியிருக்கிறது. அணை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பசித்த ஊருக்கு நீரின் பெருமை தெரியும். ஆனால் பெயர்க்கப்பட்டவனுக்கு வீடு கட்டி முடித்த பின்னரே மதகை மூடவேண்டும் என்று சட்டம் இருந்திருக்கலாம்.

மலையை விட்டு வெளிவந்ததும் ஆறு விரிகிறது. அக்கரை தெரியாத அந்த விரிவின் இடக்கரையில் இராசமகேந்திரவரம் இருக்கிறது. கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன் அங்கிருந்து ஆண்டான். அவன் அவையில் நன்னையர் மகாபாரதத்தைத் தெலுங்கில் செய்யத் தொடங்கினார். தெலுங்கு இலக்கியத்துக்கு அதுவே தலைவாயில். நரேந்திரனின் தாய் குந்தவை, முதலாம் இராசராச சோழனின் மகள். அவன் மனைவி அம்மங்கை, இராசேந்திர சோழனின் மகள். அவர்கள் மகனே 1070 ஆம் ஆண்டு சோழ அரியணை ஏறிய முதலாம் குலோத்துங்கன். கலிங்கத்துப்பரணியிற் பாடப்பெறும் அம்மன்னன் தந்தை வழியிற் கோதாவரிக் கரையினன். தாய் வழியிற் காவிரிக் கரையினன்.

கொற்றனின் அணை

சேர் ஆதர் கொட்டன் என்ற ஆங்கிலப் பொறியியலாளரின் பெயரை நம் ஈழத்து எழுத்து வழக்குப்படி கொற்றன் என்று எழுதினால், சங்கப் புலவர் ஒருவர் பெயர் போல் ஒலிக்கிறது. அப்படியே எழுதுவதில் எனக்கு மகிழ்ச்சி. 1803 ஆம் ஆண்டு பிறந்த அவர் இளமையில் சென்னை மாகாணத்துக்கு வந்தார். தொடக்க காலத்தில் பாம்பன் கால்வாயை அளக்கும் வேலையும் அவருக்குக் கிடைத்தது. ஆகவே அவர் நமக்கு எதிர்க்கரைவரை வந்தவர்.

பிறகு தஞ்சைக்குச் சென்றார். கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையையும் கீழணையையும் 1836 ஆம் ஆண்டளவிற் கட்டினார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தது கல்லணை. ஆழம் காணாத ஆற்று மணலில் ஓர் அணை எப்படி நூற்றாண்டு நூற்றாண்டாக நிற்கிறது என்று அதனை ஆராய்ந்தார். மணலில் அடித்தளம் இடும் வித்தையைத் தாம் தமிழர் கட்டிய பழைய அணையிலிருந்தே கற்றதாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆளப்படும் மக்களின் முன்னோரைத் தம் குருவாக ஏற்றுக்கொண்டது சிறு செய்தியன்று.

அக்காலத்தில் கோதாவரி மாவட்டம் இருந்த நிலை பரிதாபமானது. 1833 ஆம் ஆண்டையொட்டிய பெரும்பஞ்சம், 1839 ஆம் ஆண்டு நவம்பரில் கோரங்கித் துறைமுகத்தையே கடல் விழுங்கிய புயல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மக்கள் தொகை வெகுவாகக் குறைந்தது. அத்தனை கொடுமையும் இந்தியாவின் பெரு நதிகளுள் ஒன்றின் கழிமுகத்திலே நடந்தது. கண்ணெதிரே கடலுக்குப் போகும் நீர். கரையிலே பட்டினியால் இறக்கும் மனிதர். கொற்றன் அந்நீரைத் திருப்ப வேண்டுமென்று கும்பனி அரசை விடாமல் வற்புறுத்தினார்.

1847 ஆம் ஆண்டு வேலை தொடங்கியது. தவளேசுவரம் என்னும் ஊரருகே ஆறு ஏறத்தாழ நான்கு மைல் அகலம். நடுவே தீவுகள் இருந்தன. அத்தீவுகளைத் துணையாகக் கொண்டு தவளேசுவரம், ராலி, மத்தூர், விச்சேசுவரம் என நான்கு துண்டுகளாக அணையைக் கட்டினார். கற்சுவர் மட்டுமே இரண்டு மைலுக்கு மேல். ஆயிரக்கணக்கான கூலியாட்கள், கல்லிழுக்கும் தண்டவாளங்கள், காய்ச்சலும் வெயிலும். கொற்றன் நோயுற்று இடையிலே ஓய்வெடுக்க நேர்ந்தது. வீணம் வீரண்ணா என்னும் தெலுங்கு உத்தியோகத்தர் அவருக்கு வலக்கையாக நின்றார். அவருடைய உதவியைக் கொற்றன் நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். 1852 ஆம் ஆண்டு அணை முடிந்தது. அதன் வாய்க்கால்கள் பாசனத்துக்கு மட்டுமன்றிப் படகுப் போக்குவரத்துக்கும் பயன்பட்டன.

1876 ஆம் ஆண்டில் தாது வருடப் பஞ்சம் தென்னிந்தியாவை வாட்டியபோது கோதாவரிக் கழிமுகம் தப்பியது. அந்தப் பஞ்சத்தினின்றும் தப்பவே தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கடல் கடந்து நம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்தனர். அவர்கள் ஊரிலும் ஒரு தவளேசுவரம் இருந்திருந்தால் மலையகத்தின் வரலாறு வேறாயிருக்குமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கொற்றனைத் தெய்வமாக்கிவிட வேண்டியதில்லை. அணையால் விளைச்சல் பெருகியது போலவே கும்பனியின் வரி வருமானமும் பெருகியது; அந்தக் கணக்கைக் காட்டியே அவர் அனுமதி பெற்றார். ஆயினும் பிற்காலத்தில் இருப்புப்பாதைக்கு அள்ளிக் கொடுத்து வாய்க்காலுக்குக் கிள்ளிக் கொடுத்த தம் அரசையே எதிர்த்து வாதாடியவர் அவர். 1899 ஆம் ஆண்டு மறைந்தார். கழிமுக ஊர்கள் பலவற்றில் இன்றும் அவருக்குச் சிலைகள் உண்டு. ஆற்றில் நீராடும்போது அவர் பெயரையும் சங்கற்பத்திற் சேர்த்துச் சொல்லும் அந்தணர் இருந்தனர் என்றும் கேள்வி. பழைய அணைக்குப் பதிலாக 1970 களில் தொடங்கி 1982 ஆம் ஆண்டளவில் முடிக்கப்பட்ட புதிய மதகணை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஏறத்தாழப் பத்து லட்சம் ஏக்கர் நிலம் அதனாற் பயன்பெறுகிறது.

லங்கைகளின் நாடு

அணைக்குக் கீழே ஆறு கௌதமி, வசிட்டை எனப் பிரிகிறது. அவையும் மேலும் கிளைக்கின்றன. ஏழு முனிவர் பெயரால் ஏழு கிளைகள் என்பது புராணக் கணக்கு. இக்கிளைகளுக்கிடையே வண்டலால் உண்டான தீவுகளைத் தெலுங்கர் என்ன பெயர் சொல்லி அழைக்கின்றனர் தெரியுமா? லங்க! ஊர்ப்பெயர்களிலும் இச்சொல் மலிந்து கிடக்கிறது. தென்னையும் வாழையும் நெல்லும் நிறைந்த கோணசீமையின் படத்தை முதன்முறை காண்பவர் அதனை நம் நாட்டின் தென்மேற்குக் கரை என்றே நினைப்பர்.

அங்குள்ள லங்கல கன்னவரம் என்னும் ஊரில் வாழ்ந்து 1909 ஆம் ஆண்டு மறைந்தவர் டொக்கா சீதம்மா. ஆறு கடந்து வந்த வழிப்போக்கர் எந்த நேரத்திற் கதவைத் தட்டினாலும், எந்தச் சாதியாராயினும், சோறிட்டவர். ஏழாம் எட்வேர்ட் மன்னர் தம் முடிசூட்டுக்கு அவருடைய படத்தைக் கேட்டு வாங்கினார் என்று ஆந்திர மக்கள் பெருமையோடு சொல்வர்.

வெள்ளம் வரும் மாதங்களில் கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறும் புலச என்ற மீனுக்கு அங்கே தங்கத்தின் விலை. தாலியை விற்றாயினும் அதனை உண்ண வேண்டும் என்று சொல்வார்களாம். நான் மரக்கறி உண்பவன், கேட்டதைச் சொல்கிறேன். அணைகள் அதன் வழியை மறித்துவிட்டமையால் மீன் அருகி வருகிறது.

ஏனாம் என்னும் சிற்றூர் 1954 ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அதனாலேயே ஆந்திரத்தின் நடுவே அது புதுச்சேரியைச் சேர்ந்திருக்கிறது. அதற்குக் கிழக்கே கோரங்கியின் கண்டற் காடு. பழைய துறைமுகத்திலிருந்து பர்மாவுக்குத் தொழிலாளராய்ச் சென்ற தெலுங்கரை அங்கே கோரங்கியர் என்றே அழைத்தனர். புயல் இந்தக் கரையை மறப்பதில்லை. 1996 ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயலில் கோணசீமையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நிலத்துக்கடியில் இயற்கை வாயு கிடைத்தது மற்றொரு சோதனை. 1995 ஆம் ஆண்டு பாசர்லபூடியில் ஒரு வாயுக் கிணறு தீப்பற்றி இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது.

ஓசையின்றி நடப்பது வேறொன்று. மேலே அணைகள் பெருகப் பெருக, ஆறு கொண்டுவரும் வண்டல் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டதாக ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். வண்டலாற் பிறந்த நிலம் வண்டலின்றி நிலைக்காது. கழிமுகத்தின் விளிம்பைக் கடல் சிறிது சிறிதாக அரித்து வருகிறது. காக்கிநாடாவுக்கு வடக்கே உப்பாடா என்னும் மீனவர் ஊரில் வீடுகளும் வீதிகளும் கடலுக்குள் போயின.

இந்நிலையிலே கோதாவரியின் மிகுதி நீரைத் தெற்கே கொண்டுவரும் பேச்சும் நடக்கிறது. 2015 ஆம் ஆண்டு பட்டிசீமையில் நீரை இறைத்துக் கிருட்டிணையோடு இணைத்தனர். இந்திய அரசின் திட்டம் இன்னும் நீளமானது. கோதாவரி நீரைக் கிருட்டிணையில் நாகார்சுனசாகருக்கும், பெண்ணையாற்றில் சோமசிலைக்கும், அங்கிருந்து காவிரிக்கும் கொண்டுசெல்வது அது. அதற்கு வேண்டிய நீரில் ஒரு பங்கை, சத்தீஸ்கர் மாநிலம் இந்திராவதியில் இன்னும் பயன்படுத்தாத உரிமையிலிருந்து எடுக்க எண்ணுகின்றனர். சத்தீஸ்கர் அரசோ அந்நீர் தன் மக்களுக்கே தேவை என்று மறுப்புத் தெரிவித்திருக்கிறது. திட்ட வரைபடத்திலே கால்வாயின் தென்கோடியாகக் குறிக்கப்பட்டிருக்கும் இடம் கல்லணை.